கேட்டுக்கும் மேன்ஹோலுக்கும் நடுவே 14 அடி

எங்கள் வீட்டுக் குளியலறைத் துவாரத்தில் முதன்முதலாகக் கறுப்புத் தண்ணீர் குமிழிட்டது 2023 தீபாவளிக்கு மறுநாள். எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்ததால் அடைத்துக்கொண்டது என்றாள் என் மனைவி. நானும் நம்பினேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் ஓடியது, 23,400 ரூபாய் செலவானது. துறைமுகத்தில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். தொகையில் பிசகு இருக்காது.

வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஒரு தெருவில். கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். வீட்டுக்குப் பக்கவாட்டில் வரிசையாக மூன்று சேம்பர்கள், அதாவது கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்க மூடி போட்ட தொட்டிகள். கடைசிச் சேம்பர் கேட்டை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து 6 அங்குலக் குழாய் தெருவுக்கு அடியில் போய், நடுத்தெருவில் இருக்கும் மேன்ஹோலில் சேர்கிறது. கேட்டிலிருந்து மேன்ஹோல் வரை 14 அடி. சண்டை முழுவதும் இந்த 14 அடிக்குத்தான்.

முதலில் பிளம்பர் வந்தார். மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினார், தண்ணீர் இறங்கியது, 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் மறுபடியும் அதே கறுப்புத் தண்ணீர். தெருக் கழிவுநீர்க் குழாய்களைப் பார்க்கும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கினேன். மறுநாள் இரண்டு பேர் வந்து மேன்ஹோல் மூடியை நெம்பித் தூக்கினார்கள். உள்ளே தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மெயின் லைன் ஓடுகிறது சார். அடைப்பு உங்கள் லைனில். உங்கள் செலவில் பார்த்துக்கொள்ளுங்கள்."

மூடியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது. அந்த நேரத்தில் நான் குளியலறையில் ப்ளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தேன்.

புகார் முடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், வேலை முடியாத பட்சத்தில், அன்றைக்கே புதிய புகார் எண் வாங்கிவிட வேண்டும். பழைய எண்ணையே சொல்லிக்கொண்டு டிப்போவுக்கு, அதாவது வாரியத்தின் உள்ளூர் அலுவலகத்துக்கு, நடந்தால் அங்கே கணினியில் நம் வீடு நலமாக இருக்கும். இது எனக்கு நான்காவது புகாரில்தான் உறைத்தது. அன்றிலிருந்து 80 பக்க நோட்டு ஒன்று போட்டேன். தேதி, நேரம், புகார் எண், வந்தவர் சொன்ன வாசகம் அப்படியே. பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3, 4 தேதிகளில் பெய்த மழையில் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தண்ணீர் வடியட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் நம் பக்கத்தில் நடப்பதுதான் இது. மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. முன்னது மாநகராட்சியுடையது, அதற்கான புகார் எண் 1913. பின்னது குடிநீர் வாரியத்துடையது. மழை வெள்ளத்தை விழுங்குகிற அளவுக்குக் கழிவுநீர்க் குழாய் பெரிதல்ல. மூடியைத் திறந்தால் தெரு மணலும் பிளாஸ்டிக் கவர்களும் குழாய்க்குள் போய்ப் படியும், பத்தாம் நாள் அதே தெருவில் கழிவு பொங்கும். மூடி திறந்திருப்பது தெரியாமல் தண்ணீரில் நடந்து வருகிறவர் கதி என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வடசென்னையில் ஏன் இந்தத் தொல்லை அதிகம் என்பதற்கு நிலமே பாதிக் காரணம். கடலை ஒட்டிய தட்டையான தரை, குழாய்க்குத் தாராளமான சரிவு கொடுக்க இடமில்லை. கழிவுநீர் தானாக நெடுந்தூரம் ஓடாது. ஒரு உந்து நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மோட்டாரால் தள்ளித் தள்ளித்தான் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. நடுவில் ஒரு மோட்டார் நின்றால் அதற்கு முன்னால் இருக்கிற தெருக்களில் மேன்ஹோல் மட்டம் ஏறும். ஆகவே அடைப்பு என்றவுடன் பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்து வீடுகளிலும் எதிர்வீட்டிலும் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏறுகிறது என்றால் உங்கள் குழாயைக் குத்துவது வீண் செலவு.

மிக்ஜாமுக்குப் பிறகு தெரு முழுக்கப் பொங்கியது. தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டி வந்தது, தூர் உறிஞ்சும் பெரிய லாரி வந்தது. இரண்டு நாள் நின்று வேலை செய்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருவே சரியானது. எங்கள் வீடு மட்டும் சரியாகவில்லை.

அடுத்து பிளம்பர் சொன்ன யோசனையில் இரண்டாவது சேம்பருக்கும் மூன்றாவது சேம்பருக்கும் நடுவே தோண்டிப் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியது போட்டோம். 9,800 ரூபாய். பழைய குழாயில் ஒரு குறையும் இல்லை. எடுத்து வைத்ததைத் தட்டிப் பார்த்தேன், மணி மாதிரி ஒலித்தது.

இந்தச் சமயத்தில்தான் அவர் இன்னொன்றும் சொன்னார். எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், மேன்ஹோலில் இறங்கி அந்தப் பக்கத்திலிருந்து கையாலேயே எடுத்துவிடுவார், 1,500 கொடுத்தால் போதும் என்றார். எட்டு வாரமாக வீட்டில் நாற்றம். நான் உடனே மறுக்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். "எப்போது வருவார்?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "உங்கள் மகனை இறக்குவீர்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் பேச என்னிடம் எதுவும் இல்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடையிலோ மலத்தொட்டியிலோ பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இது அலுவலகங்களுக்கு மட்டுமல்ல, ஆளைக் கூப்பிடுகிற வீட்டுக்காரனுக்கும் பொருந்தும். சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. மேன்ஹோலில் தேங்கும் வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றும்போதுதான் ஆள் விழுவார். சட்டமெல்லாம் நான் பிறகு படித்தது. அன்று என்னை நிறுத்தியது அக்காவின் கேள்வி.

அதே அக்காதான் இன்னொரு நாள் கேட்டார்: "நீங்கள் யாரும் வீட்டில் இல்லாவிட்டால் தண்ணீர் மட்டம் என்ன ஆகிறது?" எனக்குத் தெரியவில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் காஞ்சிபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, மாடி வீட்டார் ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டார்கள். கிளம்பும்போது மோட்டாரை நிறுத்தி, கேட்டோரச் சேம்பரின் மூடியைத் திறந்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு மூடினேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரல் கீழே.

இந்தக் கோட்டின் அர்த்தத்தை நான் யாரிடமும் கேட்காமலே புரிந்துகொண்டேன். நாம் ஒரு சொட்டு விடாதபோதும் மட்டம் ஏறினால் தெருக் குழாயிலிருந்து பின்வாங்கி வருகிறது, அவர்கள் பொறுப்பு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லையென்றால் முழு அடைப்பு. மெதுவாக இறங்கினால் நமக்கும் மேன்ஹோலுக்கும் நடுவே ஏதோ ஒன்று பாதி வழியை மறித்துக்கொண்டிருக்கிறது. ஆக, டிப்போ ஆட்கள் சொன்னது பாதி சரி. மெயினில் அடைப்பில்லை. இரண்டு மாதமாக நான் அவர்களைத் திட்டியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

பாதி அடைப்பு எங்கே? அடுத்த முறை பிளம்பர் வந்தபோது பிளாச்சைச் சேம்பருக்குள் விடச் சொல்லி, அது இடிக்கிற இடத்தில் சேம்பர் விளிம்பை ஒட்டி மூங்கிலில் சிவப்பு டேப் சுற்றினேன். வெளியே எடுத்து அளந்தால், சேம்பரின் ஆழத்தைக் கழித்து, ஐந்தரை அடி. மறுபடி விட்டோம், அதே ஐந்தரை. மூன்று முறையும் அதே இடத்தில் அதே "டொக்". பிறகு தரையில் டேப்பை நீட்டி, சேம்பரிலிருந்து ஐந்தரை அடியில் சாக்பீஸால் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். கோடு விழுந்த இடம் 2022-இல் கட்டிய மழைநீர் வடிகாலின் மேல்பலகை.

பிளம்பர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே 9,800 ரூபாய்க்குத் தோண்டியதற்கு முன்னால் இந்த டேப்பைச் சுற்றியிருக்கலாம்.

வடிகால் கட்டியபோது எங்கள் இணைப்புக் குழாய் குறுக்கே இருந்திருக்கிறது. பழைய பீங்கான் குழாய். கான்கிரீட் போடும்போது இணைப்பில் விரிசல் விட்டு, சிமெண்டுப் பால் உள்ளே இறங்கிக் கட்டியாகியிருக்க வேண்டும் என்று ஊகித்தோம். அது உடனே அடைக்கவில்லை. ஒன்றரை ஆண்டாக ஒவ்வொன்றாக மாட்டி மாட்டி, தீபாவளிக்கு எங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

இடம் தெரிந்த பிறகுதான் உண்மையான அலைச்சல் ஆரம்பித்தது. கழிவுநீர் அலுவலகத்தில் "வடிகால் எங்களுடையதில்லை, கட்டியவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். வடிகால் பிரிவில் "கழிவுநீர்க் குழாய் எங்களுடையதில்லை, அவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். ஒப்பந்ததாரரின் போன் எண் யாரிடமும் இல்லை. மூன்று வாரம் இந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவே பந்து போல உருண்டேன். நோட்டில் அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் ஒன்பது பதிவுகள்.

நான் செய்த தவறு, ஒவ்வொரு மேசையிலும் "யார் பொறுப்பு?" என்று கேட்டதுதான். அதற்கு எந்த மேசையிலும் ஒரே பதில்தான் கிடைக்கும். பிறகு வாயால் கேட்பதையே விட்டேன். சேம்பர், கேட், வடிகால், மேன்ஹோல் நான்கையும் அடிக்கணக்கோடு வரைந்து, ஐந்தரை அடியில் ஒரு பெருக்கல் குறி போட்டு, புகார் எண்களின் பட்டியலை இணைத்து, ஒரே கடிதத்தை இரண்டு அலுவலகங்களுக்கும் எழுதினேன். ஒவ்வொன்றிலும் மற்ற அலுவலகத்துக்கும் நகல் அனுப்பியிருப்பதைக் குறிப்பிட்டேன். கேட்டது ஒன்றே ஒன்று: இரு தரப்புப் பொறியாளர்களும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் இந்த இடத்துக்கு வந்து பார்க்க வேண்டும். என் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டேன். முத்திரை போடத் தயங்கிய இடத்தில் அப்படியே நின்றேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை. முத்திரை கிடைக்கவே கிடைக்காது என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஆளைப் பிடித்தேன். 3,500 ரூபாய், வீட்டுக்காரர்கள் யோசிக்கும் தொகைதான். ஆனால் முழுச் செலவிலும் உருப்படியான செலவு இது ஒன்றுதான். போனில் படம் தெரிந்தது. குழாயின் மேல்பக்கம் உடைந்து, ஒரு சிமெண்டுக் கட்டி பல்லைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் தேங்காய் நாரும் ஏதோ துணியும். கேமராவின் கம்பியிலேயே அடிக்கணக்கு இருக்கிறது. ஐந்தடி ஏழு அங்குலம். என் சாக்பீஸ் ஒரு அங்குலம் தவறு.

தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தினேன். ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்கு வெளியே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை வாங்கி ஒட்டி அனுப்பினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இதில் எனக்கு ஒரு நண்பர் சொன்ன குறிப்பு விலைமதிப்பில்லாதது: "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதே, "எந்த ஆவணம் இருக்கிறதோ அதன் நகலைக் கொடு" என்று கேள். காரணம் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தாது. இருக்கிற காகிதத்தைக் கொடுக்கச் சொல்லும். எங்கள் தெருவின் வடிகால் பணிக்கான ஒப்பந்த நிபந்தனைகள், பணி முடிப்புச் சான்று, ஒப்பந்ததாரரின் காப்புத்தொகை (வேலைக்கு உத்தரவாதமாகப் பிடித்து வைக்கும் பணம்) விடுவிக்கப்பட்டதா என்ற கோப்புப் பக்கம் ஆகிய மூன்றைக் கேட்டேன்.

28-ஆம் நாள் பதில் வந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி. பணியின்போது வீட்டு இணைப்புகள் சேதமடைந்தால் ஒப்பந்ததாரர் தம் செலவில் சீரமைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில், காப்புத்தொகை இன்னும் விடுவிக்கப்படவில்லை. கணக்கு எழுதியவனுக்கு இந்த இரண்டாவது வரியின் இனிப்பு தெரியும். பணம் நிலுவையில் இருக்கிறது என்றால் ஒப்பந்ததாரரின் போன் எண் யாரிடமாவது நிச்சயம் இருக்கும்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வாரியம் நடத்தும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வரைபடம், கேமராப் படம், அந்த இரண்டு பக்கங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். கடிதத்தின் கடைசிப் பத்தியில் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தைப் பற்றியும் எழுதியிருந்தேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் 2002-இல் சேர்த்த பகுதி அது. அதில் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளின் பட்டியலில் தண்ணீர் வழங்கலும் உண்டு, துப்புரவும் உண்டு. கட்டணம் கிடையாது. வழக்காக நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே அங்கே மனு செய்யலாம். நான் போக நேரவில்லை. ஆனால் அந்தப் பத்தியை மேசையில் இருந்தவர் இரண்டு முறை படித்தார்.

அடுத்த வியாழக்கிழமை கூட்டு ஆய்வு. காலை 11 மணிக்கு இரண்டு உதவிப் பொறியாளர்களும் எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். இருவரும் நேருக்கு நேர் நின்றதும் "அவர்களைக் கேளுங்கள்" என்கிற வாசகம் யார் வாயிலும் வரவில்லை. கேமராப் படத்தைப் பார்த்தார்கள், சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார்கள். கழிவுநீர்ப் பொறியாளர் இளைஞர், பெண். அவர் மட்டும் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "மொட்டை மாடித் தண்ணீர் எங்கே போகிறது சார்?"

என் அப்பா காலத்திலிருந்து மாடித் தண்ணீர்க் குழாய் இரண்டாவது சேம்பரில்தான் இறங்குகிறது. கழிவுநீர்ச் சேம்பரில் மழைநீரை விடக் கூடாது. கொட்டுகிற மழையில் மொட்டை மாடித் தண்ணீர் முழுவதும் அந்த 6 அங்குலக் குழாயில் இறங்கினால் அடைப்பே இல்லாவிட்டாலும் குளியலறையில் ஏறும். தெரு முழுவதும் இப்படிச் செய்தால் மெயினும் தாங்காது. 2003-இல் எல்லோருக்கும் கட்டாயமாக்கியபோது மழைநீர் சேகரிப்புக் குழி நாங்களும் வெட்டினோம். வெட்டியது மட்டும்தான். அந்தக் குழியில் இப்போது என் மனைவியின் கறிவேப்பிலைச் செடி செழிப்பாக நிற்கிறது. ஏழு மாதமாக மற்றவர்களுடைய தவறைப் பட்டியலிட்ட நோட்டில் இது ஓரிடத்திலும் இல்லை. "மாற்றிவிடுகிறேன் அம்மா" என்றேன். அவர் அதை ஆய்வுக் குறிப்பில் எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். சரியாகத்தான் செய்தார். செடியைப் பெயர்க்க மனைவி சம்மதிக்கவில்லை, அதனால் பக்கத்தில் வேறு குழி வெட்டினோம், 4,100 ரூபாய்.

ஜூன் முதல் வாரத்தில் ஒப்பந்ததாரரின் ஆட்கள் வந்து, வடிகாலுக்கு அடியில் துளைத்து, சேம்பரிலிருந்து மேன்ஹோல் வரை 6 அங்குல பிவிசி குழாய் போட்டார்கள். ஒரு நாள் வேலை. நான் ரசமட்டத்தோடு பக்கத்திலேயே இருந்தேன். 6 அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு ஓர் அடி சரிவு என்பது பழைய கொத்தனார்க் கணக்கு. 14 அடிக்கு மூன்று அங்குலம் போதும். அதிகச் சரிவு நல்லது என்று ஒருவர் செங்குத்தாகச் சாய்க்கப் பார்த்தார். கணக்குப்படியே போதும் என்று தடுத்தேன். மண்ணை மூடுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், டேப்பைக் குழாய் மீது வைத்து.

மூடுவதற்கு முன் சோதனை. சௌகார்பேட்டையில் ஹோலிக்கு விற்ற பச்சைப் பொடி ஒரு பொட்டலம் வீட்டில் கிடந்தது. டிப்போ ஊழியர் மேன்ஹோல் மூடியைத் திறந்து தள்ளி நின்றார். உள்ளே மனைவி பொடியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் குளியலறையில் ஊற்றினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 35 வினாடி. "வந்துவிட்டது சார், பச்சையாக" என்றார் ஊழியர். தெருவில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

செலவுக் கணக்கு இதுதான். பிளாச்சு ஐந்து முறை 4,000, உள்ளே தோண்டியது 9,800, கேமரா 3,500, மாடித் தண்ணீர் 4,100, ப்ளீச்சிங் பவுடரும் உடைந்த ஓடுகளும் 1,400, நகல், வில்லை, ஆட்டோ 600. இதில் திரும்பி வந்தது ஒன்றுமில்லை. கேட்டு எழுதினேன், விதியில் இடமில்லை என்று ஒரு வரிப் பதில். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்று நண்பர் சொன்னார். 9,800 ரூபாய் என் அவசரத்துக்கு நான் கட்டிய அபராதம் என்று எழுதி நோட்டை மூடிவிட்டேன்.

அந்த வடிகால் எங்கள் வரிசையில் இருக்கிற எல்லா வீடுகளின் இணைப்புக்கும் குறுக்கேதான் போகிறது. போன வாரம் நான்காவது வீட்டு அம்மா வந்து, குளியலறையில் கறுப்பாகக் குமிழிடுகிறது, பிளம்பர் உள்ளே தோண்ட வேண்டும் என்கிறார், என்ன செய்வது அண்ணே என்று கேட்டார். டேப்பை எடுத்துக் கொடுத்தேன். மேசை இழுப்பறையில் மிச்சமிருந்த சாக்பீஸையும்.